சாலைக்குக் காவல்! வாக்குரிமைக்கு?

மன்னர்கள் போட்ட சாலைகள் உண்டு, படை செல்ல. வணிகர்கள் வகுத்த சாலைகள் உண்டு, பொதி செல்ல. தேர் ஓட வீதி, பல்லக்குப் போகப் பாதை என்று வரலாறு நெடுகச் சாலைகள் கிடக்கின்றன. அந்தச் சாலைகளுக்கெல்லாம் போட்டவன் பெயர் இருக்கும். கல் சுமந்தவன் பெயர் இருக்காது. நடந்தவன் பெயரோ, கேட்கவே வேண்டாம்!

நடந்தவர்களுக்காகவே ஒரு சாலைக்குச் சட்டம் செய்தார்கள் என்றால் அது அதிசயம் அல்லவா? அந்த அதிசயம் அமெரிக்க நாட்டிலே நடந்தது.

அந்நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம். அங்கே செல்மா என்னும் ஊரிலிருந்து மாண்ட்கோமரி என்னும் தலைநகருக்குச் செல்கிறது எண்பதாம் எண் நெடுஞ்சாலை. நீளம் 54 மைல். மோட்டாரில் ஏறி அமர்ந்தால் ஒரு மணி நேரப் பயணம். இருபுறமும் கறுத்த மண். ஒரு காலத்தில் அடிமைகள் பருத்தி எடுத்த மண். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. ஆனால் 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கையெழுத்தான ஒரு சட்டம், அந்தச் சாலையைத் 'தேசிய வரலாற்று வழி' என்று அறிவித்தது. நாட்டின் பூங்காத் துறையிடம் அதனை ஒப்படைத்தது. அடையாளம் காட்டு, பேணிக் காப்பாற்று, நடந்ததை வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல் என்று கட்டளையிட்டது.

ஏன்? அந்தச் சாலையிலே தங்கம் புதைந்திருக்கிறதா? மாமன்னர் எவரேனும் மணிமுடி சூடிச் சென்றாரா? இல்லை. 1965ஆம் ஆண்டு மார்ச்சு திங்களில், வாக்குச் சீட்டு கேட்ட மக்கள் அந்தச் சாலையிலே அடிபட்டார்கள். அடிபட்ட பிறகும் நடந்தார்கள். அதற்காகத்தான் அந்தச் சட்டம்.

நல்ல சட்டம். மனமார வரவேற்கிறோம். ஆனால், தோழர்களே, எந்த உரிமைக்காக அந்தச் சாலை சிவந்ததோ, அந்த உரிமைக்குப் போட்ட காவல் என்ன ஆயிற்று? இதைக் கேட்காமல் சாலையை மட்டும் பாராட்டிவிட்டுப் போவது, வீட்டுக்காரனைத் தெருவில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை என்பது 1965இல் புதிதாகக் கேட்கப்பட்டதல்ல. 1870ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசியல் சட்டத்தில் பதினைந்தாவது திருத்தம் சேர்க்கப்பட்டது. நிறத்தைக் காட்டி எவருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்பது அதன் வாசகம். எழுத்திலே குறையில்லை, ஏட்டிலே பொன்னெழுத்து! ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? தொண்ணூற்றைந்து ஆண்டுகளாக அது ஏட்டிலேயே இருந்தது.

செல்மா நகரம் இருக்கும் வட்டாரத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 15,000 பேர். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களோ முந்நூறு பேருக்குச் சற்று மேல். எப்படி நடந்தது இந்த மாயம்? மிக எளிது. பெயர் பதியும் அலுவலகத்தைத் திங்களுக்கு இரண்டே நாள் திறப்பார்கள். காலையிலே வரிசையில் நின்றவன் மாலையிலும் வரிசையிலேயே நிற்பான். தப்பித் தவறி உள்ளே போனால் தேர்வு! அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படி, பொருள் சொல் என்பார்கள். சொன்ன பொருள் சரியா என்று தீர்ப்பளிப்பவர் யார்? மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் வெள்ளை அதிகாரி. மற்றவர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கறுப்பின ஆசிரியர்களே அவர்முன் எழுத்தறியாதவர்களாக்கப்பட்டார்கள்! 1965 சனவரி 22ஆம் நாள் செல்மா நகரத்து ஆசிரியர்கள் நூறு பேருக்கு மேல் திரண்டு நீதிமன்ற வாயிலுக்குச் சென்றார்கள். படியேறிய ஆசிரியர்களைத் தடியால் தள்ளி இறக்கினார்கள்.

தேர்வு ஒரு பூட்டு என்றால், பயம் இன்னொரு பூட்டு. பதிவு செய்யப் போனான் என்று தெரிந்தால் வேலை போகும். குத்தகை நிலம் போகும். குடியிருக்கும் குடிசை போகும். செல்மா வட்டாரத்தின் காவல் தலைவர் ஜிம் கிளார்க், 'ஒருபோதும் இல்லை' என்னும் பொருளுடைய ஒரு சொல் பொறித்த பொத்தானைச் சட்டையிலே குத்திக்கொண்டு உலவினார். சட்டத்தைக் காக்க வேண்டியவர், சட்டம் ஒருபோதும் நடவாது என்று மார்பிலே எழுதி ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது!

1965 பிப்ரவரி 18ஆம் நாள் இரவு, செல்மாவுக்கு அருகே மாரியன் என்ற ஊரில் ஊர்வலம் சென்றவர்கள்மீது மாநிலக் காவல் படை பாய்ந்தது. ஓடி ஒதுங்கியவர்களை ஓர் உணவு விடுதிக்குள்ளும் துரத்தி அடித்தது. அங்கே 82 வயதுக் கிழவர் கேஜர் லீ அடிபட்டார். அவர் மகள் அடிபட்டாள். தாயைக் காக்க இடையிலே புகுந்தான் மகன் ஜிம்மி லீ ஜாக்சன். வயது 26. உழைத்துப் பிழைத்தவன். வாக்காளனாகப் பதிவு செய்ய முயன்று முயன்று முடியாமல் போனவன். காவலன் ஒருவன் சுட்ட குண்டு அவன் வயிற்றிலே பாய்ந்தது. எட்டாம் நாள் இறந்தான்.

வாக்குச் சீட்டு கிடைக்கவில்லை அவனுக்கு. துப்பாக்கிக் குண்டு கிடைத்தது.

அந்தச் சாவிலிருந்துதான் நடைப்பயணம் பிறந்தது. முறையீட்டை எடுத்துக்கொண்டு தலைநகருக்கே போவோம், ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் முன்னால் வைப்போம் என்று முடிவு செய்தார்கள். மார்ச்சு 7, ஞாயிற்றுக்கிழமை. ஏறத்தாழ 600 பேர். முன்னணியில் இருவர்: ஓசியா வில்லியம்ஸ், ஜான் லூயிஸ். லூயிசுக்கு அப்போது வயது 25. ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை. இருவர் இருவராக, நடைபாதையை விட்டு இறங்காமல், ஓசையின்றி நடந்தார்கள். ஊரைக் கடக்க ஓர் ஆற்றுப் பாலம். அதற்குப் பெயர் எட்மண்ட் பெட்டஸ் பாலம். யார் இந்தப் பெட்டஸ்? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுப் படையின் தளபதி; கறுப்பின மக்களைக் கொன்று குவித்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் அலபாமா தலைவர் என்று அறியப்பட்டவர்; பிறகு மேலவை உறுப்பினர்! அவர் பெயர் தாங்கிய பாலத்தின் உச்சிக்கு வந்தபோதுதான் மறுபக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. மாநிலக் காவல் படை. குதிரைப் படை. தடிகள். முகமூடிகள்.

கலைந்து போங்கள் என்றார்கள். இரண்டு நிமிட அவகாசம் என்றார்கள். இரண்டு நிமிடமும் முடியவில்லை, பாய்ந்தார்கள். கண்ணீர்ப் புகை, தடியடி, குதிரைக் குளம்பு! லூயிசின் மண்டை ஓடு பிளந்தது. அமீலியா பாயின்டன் என்ற அம்மையார் நினைவிழந்து சாலையிலே சாய்ந்தார். ஓடியவர்களைப் பாலத்தின் இக்கரை வரையிலே துரத்தி வந்து அடித்தார்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் நாசிகளின் கொடுமையை விசாரிக்கும் நீதிமன்றம் பற்றிய திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நடுவிலே நிறுத்திவிட்டுச் செல்மாவின் காட்சியைக் காட்டினார்கள். செருமானியக் கொடுமையைக் கண்டு உச்சுக் கொட்டிக்கொண்டிருந்த அமெரிக்க வீடுகளிலே, சொந்த வீட்டுக் கொடுமை வந்து நின்றது!

மார்ச்சு 9ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மீண்டும் பாலம் வரை சென்று, தொழுது, திரும்பினார்கள். அன்றிரவு, பாஸ்டனிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளைப் பாதிரியாரை அடித்தார்கள். இரண்டாம் நாள் இறந்தார். மார்ச்சு 15ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் காங்கிரசின் முன் நின்று வாக்குரிமைச் சட்டம் கேட்டார். போராட்டக்காரர்கள் பாடிய பாட்டின் பல்லவியைத் தம் வாயாலேயே சொன்னார். மார்ச்சு 17ஆம் நாள் கூட்டாட்சி நீதிபதி பிராங்க் ஜான்சன் தீர்ப்பு அளித்தார்: எவ்வளவு பெரிய அநீதியோ, அதை எதிர்த்து அணிவகுக்கும் உரிமையும் அவ்வளவு பெரிது என்பது அதன் சாரம். நடக்கலாம்! ஆனால் சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது. காவல் தர முடியாது என்று கையை விரித்தார் ஆளுநர். கூட்டாட்சிப் படை வந்தது காவலுக்கு.

மார்ச்சு 21ஆம் நாள் புறப்பட்டார்கள். ஐந்து நாள் நடை. 54 மைல். இரவு தங்க இடம்? அந்தச் சாலையோரத்து விடுதி எதிலே அவர்களுக்கு இடம் கிடைக்கும்? கறுப்பின உழவர்கள் மூவர் தங்கள் வயலைத் திறந்துவிட்டார்கள். டேவிட் ஹால், ரோசி ஸ்டீல், ராபர்ட் கார்ட்னர். மூன்று பெயரையும் மனத்திலே எழுதிக்கொள்ளுங்கள் தோழர்களே! மேடையிலே பேசியவர்கள் அல்லர். ஏட்டிலே எழுதியவர்கள் அல்லர். நடந்து வந்தவர்கள் ஐந்தாம் நாள் ஊர் திரும்பிவிடுவார்கள். நிலம் கொடுத்தவரோ ஆறாம் நாளும் அதே ஊரில், அதே வெள்ளையர் நடுவில் வாழ வேண்டும். தெரிந்தே கொடுத்தார்கள். நான்காம் இரவு மாண்ட்கோமரி எல்லையில் செயின்ட் ஜூட் என்னும் கத்தோலிக்க நிலையத்தார் இடம் தந்தார்கள்.

மழை பெய்தது. கூடாரத் தரை சேறாயிற்று. நடந்தார்கள். மிச்சிகனிலிருந்து வந்த ஜிம் லெதரர் என்ற வெள்ளையருக்கு ஒரு கால் இல்லை. ஊன்றுகோல்களை ஊன்றி ஊன்றியே நடந்தார். பேரனைப் பறிகொடுத்த கிழவர் கேஜர் லீயும் நடந்தார். மார்ச்சு 25ஆம் நாள் மாண்ட்கோமரி மாளிகை முன்னே சேர்ந்தபோது 25,000 பேர்! 1861இல் அடிமை ஆட்சியின் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் பதவி ஏற்ற அதே மாளிகை. அதன் படிகளின் கீழே, அடிமைகளின் பேரப்பிள்ளைகள், வாக்குச் சீட்டு எங்கே என்று கேட்டு நின்றார்கள். அன்று ஆளுநர் வெளியே வரவில்லை. முறையீட்டை வாங்கவும் இல்லை.

அன்றிரவே அந்தச் சாலை மேலும் ஓர் உயிரைக் கேட்டது. டிட்ராய்ட் நகரத்து வயோலா லியுசோ. வெள்ளைப் பெண்மணி. ஐந்து பிள்ளைகளின் தாய். கணவர் லாரித் தொழிலாளர் சங்கத்தின் ஊழியர். நடந்து களைத்தவர்களைத் தம் மோட்டாரில் ஏற்றிச் செல்மாவுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த அவரை, எண்பதாம் எண் நெடுஞ்சாலையிலேயே, பக்கத்தில் மோட்டாரை ஓட்டிவந்து சுட்டுக் கொன்றது கிளான் கூட்டம். மாநில நீதிமன்றத்து நடுவர்கள் கொலைகாரனை விடுவித்தார்கள். பிறகு கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான், குடியுரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்ற குற்றத்துக்காக, பத்தாண்டுத் தண்டனை கிடைத்தது.

1965 ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. பதிவு செய்யக் கூட்டாட்சி அதிகாரிகள் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காவல்: வாக்குரிமையைப் பறித்துப் பழகிய மாநிலங்கள், தேர்தல் முறையில் எந்த மாறுதல் செய்வதானாலும், முதலிலே கூட்டாட்சி அரசிடமோ அங்குள்ள நீதிமன்றத்திடமோ இசைவு பெற வேண்டும். திருடிய பிறகு துரத்துவதல்ல. திருடும் முன்னே கதவிலே காவலன்! பயன் என்ன? அலபாமாவில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் பட்டியலில் இருந்தோர் 1965 மார்ச்சில் நூற்றுக்கு 19 பேர். 1967இல் நூற்றுக்கு 51 பேருக்கும் மேல்! 'ஒருபோதும் இல்லை' பொத்தான் குத்திய ஜிம் கிளார்க் 1966 தேர்தலில் பதவி இழந்தார். தடியால் தள்ளியவரைச் சீட்டால் தள்ளினார்கள்!

ஆனால் விலை கொடுக்காமல் வந்ததா? லவுண்ட்ஸ் என்றொரு வட்டாரம். அந்தச் சாலையின் நடுப்பகுதி அதிலேதான் செல்கிறது. மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பினத்தவர். 1965 மார்ச்சு பிறந்தபோது வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. நடைப்பயணம் கடந்துபோன பிறகு பெயர் பதிந்தார்கள். பதிந்த குற்றத்துக்காக நிலக்கிழார்கள் அவர்களைக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டினார்கள். போக்கிடம் இல்லாத குடும்பங்கள் அதே நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்தன. குளிரிலும் வெயிலிலும் குழந்தை குட்டிகளோடு கூடாரம். இரவிலே கூடாரங்களை நோக்கிச் சுட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே மக்கள் குடியிருந்தார்கள். சீட்டை மட்டும் விடவில்லை!

அந்தக் கூடார நகரம் இருந்த இடத்தில்தான், வரலாற்று வழியின் விளக்க நிலையம் 2006இல் திறக்கப்பட்டது. இதுதான் 1996 சட்டத்தின் சிறப்பு. பாலத்தில் மண்டை பிளந்த ஜான் லூயிஸ், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு காங்கிரசு உறுப்பினராகி, அந்தச் சாலைக்குச் சட்டம் கேட்டார். 1990இல் ஆய்வுக்கு ஒரு சட்டம். 1996இல் அறிவிப்புக்கு ஒரு சட்டம். நாட்டு வழிகளுக்கான 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழே அந்தச் சாலை சேர்ந்தது. நிலத்தைப் பிடுங்கும் சட்டமல்ல. போக்குவரத்தை நிறுத்தும் சட்டமும் அல்ல. லாரி ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது. ஆனால் இங்கே தங்கினார்கள், இங்கே அடிபட்டார்கள், இங்கே விழுந்தார்கள் என்று அரசாங்கமே பலகை நட்டுச் சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் காவல் படையே அடித்தது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு எழுதி வைப்பது எத்தனை நாடுகளில் நடந்திருக்கிறது, சொல்லுங்கள்!

பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்போர் அங்கும் உண்டு. அவர்களுக்கு விடை அந்தச் சாலையிலேயே இருக்கிறது. வயோலா லியுசோ விழுந்த இடத்தருகே 1991இல் ஒரு நினைவுக் கல் நட்டார்கள். அந்தக் கல்லின்மேல் அடிமை ஆட்சிக் கொடியைத் தீட்டிவிட்டுப் போனார்கள் சிலர். பிறகு கல்லைச் சுற்றி இரும்பு வேலி போட வேண்டியதாயிற்று. செத்தவள் கல்லுக்கே வேலி தேவைப்படுகிற ஊரில், புண் பழையதா? பழையது என்று சொல்கிறவன் கையிலே வண்ணக் குழம்பு ஈரமாக இருக்கிறது!

பாலத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்று 2015இல் குரல் எழுந்தபோது, வேண்டாம் என்றார் லூயிஸ். கேட்பதற்கு வியப்பாக இருக்கும். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். பெட்டஸ் என்ற பெயர் இருந்தால்தானே, யாருடைய பெயரால் அடித்தார்கள், யாருடைய பாலத்தை நடந்தே வென்றார்கள் என்பது விளங்கும்? அடித்தவன் பெயரை அழித்துவிட்டால், அடிபட்டவன் தானே தடுக்கி விழுந்தான் என்று எழுதிவிடுவார்கள். 2020 சூலை 26ஆம் நாள், லூயிசின் உடலைச் சுமந்த குதிரை வண்டி அதே பாலத்தைக் கடந்தது. அன்று அலபாமா மாநிலக் காவலர்கள் வணக்கம் செலுத்தினார்கள். 55 ஆண்டில் தடி தாழ்ந்து, கை உயர்ந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

2006ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் காவல் பிரிவை இன்னும் 25 ஆண்டுகளுக்கு நீட்டினார்கள். கீழவையில் 390 பேர் ஆதரவு, 33 பேர் எதிர்ப்பு. மேலவையில் 98 பேர் ஆதரவு. எதிர்ப்போர் ஒருவரும் இல்லை. அவ்வளவு ஒருமித்து நிறைவேறிய காவலை, 2013 சூன் 25ஆம் நாள், உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செயலிழக்கச் செய்தது. வழக்குப் போட்ட வட்டாரம் எது? அதே அலபாமாவில் உள்ள செல்பி! எந்தெந்த மாநிலங்கள் முன் இசைவு பெற வேண்டும் என்று வகுத்த விதி செல்லாது என்றது தீர்ப்பு. சொன்ன காரணம், காலம் மாறிவிட்டது என்பது.

காலம் எதனாலே மாறிற்று? காவல் இருந்ததாலே மாறிற்று! காவலன் நிற்பதால் களவு குறைந்தது. களவு குறைந்ததால் காவலன் வேண்டாம் என்பது என்ன நியாயம்? மாறுபட்ட தீர்ப்பு எழுதிய அம்மையார் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அழகாகச் சொன்னார்: கொட்டும் மழையில் நனையவில்லையே என்று குடையை எறிவதைப் போன்றது இது.

குடையை எறிந்தார்கள். மழை பெய்தது. தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ் மாநிலம், புகைப்பட அடையாளச் சீட்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. அலபாமா 2014இல் அதே விதியைச் செயலாக்கியது. அடையாளச் சீட்டு கொண்டுவா என்று சொன்ன அதே அலபாமா, 2015இல், அந்தச் சீட்டு பெறும் வழிகளில் ஒன்றான ஓட்டுநர் உரிம அலுவலகங்களில் 31ஐ மூடப் போவதாக அறிவித்தது. மூடப் போவதில் பல எங்கே இருந்தன? கறுப்பின மக்கள் செறிந்து வாழும் கரிசல் வட்டாரங்களில்! கூக்குரல் எழுந்த பிறகே ஓரளவு பின்வாங்கினார்கள். அன்று திங்களுக்கு இரண்டு நாள் திறந்த அலுவலகம், இன்று வேறு பெயர்ப் பலகையோடு வந்தது, வேறென்ன?

எல்லாம் போய்விட்டது என்று நாம் சொல்லவில்லை. 2023இல், அலபாமாவின் தொகுதி வரைபடம் கறுப்பின மக்களின் வாக்கு வலிமையைச் சிதைக்கிறது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சட்டத்தில் எஞ்சியிருந்த பிரிவு அன்று கைகொடுத்தது. ஆனால் வழக்காடி வெல்வது வேறு; வாயிற்காவல் வேறு. வழக்கு முடிவதற்குள் தேர்தல் முடிந்துவிடும். அந்த வரைபட வழக்கிலேயே, தீர்ப்பு வருமுன் 2022 தேர்தல் பழைய வரைபடத்திலேயே நடந்து முடிந்தது! இழந்த காவலை மீட்க, ஜான் லூயிஸ் பெயரிலேயே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 2021 ஆகஸ்டில் கீழவையில் நிறைவேறிற்று. மேலவையில் தடுத்து நிறுத்தப்பட்டது. லூயிஸ் கேட்ட சாலைச் சட்டம் நிறைவேறிற்று. லூயிஸ் பெயரிலே கேட்ட வாக்குச் சட்டம் முடங்கிற்று. செத்தவருக்கு மாலை, அவர் கேட்டதற்குப் பூட்டு!

சரி, சாலைக்குப் போட்ட காவலாவது முழுமையாக நிற்கிறதா? 2025 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. நாட்டுப் பூங்காக்களிலும் நினைவிடங்களிலும் அமெரிக்கரை இழிவுபடுத்துவதாகத் தோன்றும் வாசகங்களை ஆராய்ந்து அகற்ற வழி செய்தது அது. செல்மா சாலையின் பலகைகள் அதே பூங்காத் துறையின் கையில் உள்ளவை. காவல் படை அடித்தது என்று எழுதினால் இழிவு, அடித்தது இழிவல்லவா? இந்த நினைப்பு வளர்ந்தால் தார் இருக்கும், மைல்கல் இருக்கும், பாலம் இருக்கும். நடந்தது மட்டும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சாலையைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சாலையோரத்தில் வாழ்கிறவர்கள் நிலை என்ன? 1960இல் செல்மாவில் 28,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020 கணக்கில் 18,000 பேர் இல்லை. 1977இல் விமானப் படைத் தளம் மூடப்பட்டது. வேலை போயிற்று, ஆள் போனார்கள். லவுண்ட்ஸ் வட்டாரத்திலோ, களிமண் நிலம் நீரை உறிஞ்சாது. பொதுச் சாக்கடை வசதி எட்டாத வீடுகளின் கழிவு நீர் முற்றத்திலேயே தேங்குகிறது. 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்குள்ள மக்களிடம் கொக்கிப்புழு நோயின் தடயம் இருப்பதாகக் கூறிற்று. உலகத்தின் மிகப் பெரிய செல்வ நாட்டில்! 2023இல், இது குடியுரிமைச் சட்டத்தின்படி கவனிக்க வேண்டிய குறை என்று கூட்டாட்சி நீதித் துறை மாநிலத்தோடு ஓர் உடன்படிக்கை செய்தது. 2025 ஏப்ரலில் அதே துறை அந்த உடன்படிக்கையை முறித்தது. கூடாரத்தில் கிடந்து சீட்டு வாங்கிய மக்களின் பிள்ளைகள் வாழும் வட்டாரம் அது. அவர்கள் நடந்த மண்ணுக்கு மதிப்பு. வாழும் மண்ணுக்குச் சாக்கடை இல்லை!

அப்படியானால் அந்த வரலாற்று வழிச் சட்டம் வீணா? இல்லவே இல்லை. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் கூடார நகரம் இருந்த இடம் இன்று மாட்டுப் பண்ணையாக இருக்கும். ரோசி ஸ்டீல் யார் என்று கேட்க ஆள் இருக்காது. நினைவு இல்லாத மக்களை ஏய்ப்பது எளிது. 'உனக்கு இதை நாங்களாக மனம் உவந்து கொடுத்தோம்' என்பான் ஆள்பவன். 'இல்லை ஐயா, 54 மைல் நடந்து வாங்கினோம், இதோ சாலை' என்று காட்ட ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத்தான் 1996 சட்டம் காப்பாற்றியது.

ஆனால் சாட்சி மட்டும் போதாது. சொத்து வேண்டும்! மரத்தை வெட்டிவிட்டு அதன் அடியிலே வேலி கட்டி, இங்கே நிழல் இருந்தது என்று பலகை நட்டால், வெயிலில் வந்தவனுக்கு என்ன பயன்? வாக்குரிமைச் சட்டம் மரம். வரலாற்று வழி, அதன் வரலாற்றைச் சொல்லும் பலகை. பலகையும் இருக்க வேண்டும். மரமும் இருக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரசு உண்மையிலேயே அந்தச் சாலையை மதிக்குமானால், செய்ய வேண்டிய மரியாதை ஒன்றுதான்: 2013இல் பறிபோன வாயிற்காவலைத் திரும்ப நிறுத்துவது.

இது அவர்கள் நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று எவரேனும் கேட்டால், தோழர்களே, இதைச் சொல்லுங்கள். ஆலையில் உழைப்பவனுக்கும் வயலில் உழைப்பவனுக்கும் முதலாளியோடு சமமாக நிற்கும் நாள் ஒன்றே ஒன்றுதான்: வாக்குச் சாவடிக்குப் போகும் நாள். அன்று அவனுக்கும் ஒன்று, இவனுக்கும் ஒன்று. அதனால்தான் அந்த ஒன்றைப் பறிக்க அங்கே தேர்வு வைத்தார்கள்; அலுவலகத்தை மூடினார்கள்; பட்டியலில் பெயரே ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். தடியடி கண்ணுக்குத் தெரியும், ஊர் கூடும். பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் போவது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியும்போது தேர்தல் நாள் வந்திருக்கும். வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஆகவே அந்தச் சாலைக்கு நாம் செலுத்தும் வணக்கம் வேலையாக இருக்கட்டும். பட்டியல் வெளிவரும்போதெல்லாம் உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்களின் பெயர் இருக்கிறதா பாருங்கள். பக்கத்து வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி இருந்தால், அவர் பெயர் இருக்கிறதா என்று அவருக்காக நீங்கள் பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்துக்கு நடங்கள். ஒருமுறை திருப்பி அனுப்பினால் மறுமுறை நடங்கள். நமக்கு அந்தத் தொலைவு 54 மைல் இருக்காது.

ஜிம்மி லீ ஜாக்சன் பெயர் எந்த வாக்காளர் பட்டியலிலும் ஏறவில்லை. அவனுடைய பாட்டன் கேஜர் லீ, பேரனைப் புதைத்த பிறகு, 82 வயதில் போய்ப் பெயரைப் பதிந்து வாக்களித்தார்.